மூன்றாவது கசட்டின் கடைசிப் பாட்டு

"வெருகல் எண்டுதானே மச்சான் பாடுறான்," என்றான் தவராசா.

நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் மூக்கால் வந்தது.

மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். திருகோணமலை உள் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு மாடி அறையில் நாங்கள் இரண்டு பேரும் வாடகைக்கு இருந்தோம். அறையில் ஒரே ஒரு கதிரை. அதில் கசட் பிளேயர் இருக்கும். நாங்கள் நிலத்தில் இருப்போம். இருவருக்கும் அப்போது இருபத்தைந்து வயது ஆகவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சிய அலுவலகத்தில் கிளாக்கர் வேலை. நான் பட்டணத்தான். தவராசா மாவட்டத்தின் தெற்கு எல்லையில், ஈச்சிலம்பற்றில் பிறந்தவன். வெருகல் ஆறு அவன் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம்.

பிளேயரில் பாடிக்கொண்டிருந்ததோ ஓர் இங்கிலாந்துக் குழு. மூன்றாவது கசட், இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு.

"உனக்கு எதைக் கேட்டாலும் உன்ர ஊர்தான் கேக்கும்," என்றேன். "அது ‘வீ ஆர் ஈக்குவல்’. நாங்கள் எல்லாரும் சமம் எண்டு பாடுறான்."

"திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன். அவன் காதைப் பிளேயரில் ஒட்டி வைத்துக் கேட்டான். பிறகு நிமிர்ந்து, "வெருகல்," என்றான்.

"லண்டனில இருக்கிறவனுக்கு வெருகல் எங்க கிடக்கெண்டு தெரியுமோ?"

"எங்கட ஊர்ப் பேர் இங்கிலீசுப் பாட்டில வரப்படாதெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

இதை அவன் சிரிக்காமல் கேட்டான். அதை நான் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை அலுவலகத்தில் கதையை நடித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு மாதக்கணக்காக அவனை எல்லாரும் ‘லண்டன் வெருகல்’ என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பேரேட்டில்கூட யாரோ பென்சிலால் அப்படி எழுதி வைத்தார்கள்.

தவராசா அதன் பிறகு கசட் போட்டால் எழுந்து யன்னலடிக்குப் போய்விடுவான். அடுத்த வருடம் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனான்.

தகரக்காரர்

இந்த வாரப்பத்திரிகையில் என் தொடரை வாசிக்கும் இளையவர்களுக்கு ரெக்கோடிங் பார் என்றால் என்னவென்று சொல்லவேண்டும்.

இசைத்தட்டு வாங்க எங்களுக்கு வசதியில்லை. கடைக்காரரிடம் தட்டு இருக்கும். வெறும் கசட்டைக் கொடுத்தால் தட்டிலிருந்து அதில் பதிந்து தருவார். உறையும் கிடையாது, படமும் கிடையாது. கசட் பெட்டிக்குள் கோடு போட்ட ஓர் அட்டை இருக்கும். அதில் பாட்டுகளின் ஆங்கிலப் பெயர்கள், கடைக்காரரின் கையெழுத்தில், தமிழ் எழுத்தில்.

எங்கள் கடைக்காரர் நசீர் நானா. வீடு கிண்ணியாவில். ஒவ்வொரு நாள் காலையும் பாதையில் ஏறிப் பட்டணத்துக்கு வருவார். பாதை என்று நாங்கள் சொன்னது தெருவை அல்ல. பஸ், லொறி, ஆடு, மாடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவையை. இப்போது அந்த இடத்தில் பாலம். இந்தப் பாலத்தைப் பற்றிக் கொஞ்சத்தில் சொல்கிறேன். அது எனக்கு ஒரு வேலை செய்திருக்கிறது.

நானா கப்பல்காரர்களுக்குப் பத்திக் சாயமிட்ட சாரங்களைக் கொடுத்து இசைத்தட்டுகளை மாற்றி எடுப்பார். அப்படி வந்து சேர்ந்ததுதான் ‘டின் பெரிஸ்கோப்’ என்ற குழு. நியூ வேவ் என்று அந்தக் காலத்தில் அந்த வகை இசையைச் சொன்னார்கள். கிட்டாரைவிட மின் கீபோட் முன்னுக்கு நிற்கும். மேளம் மணிக்கூடு மாதிரி அடிக்கும். பாடுகிறவன் அழமாட்டான், கெஞ்சமாட்டான்; அறிவித்தல் வாசிப்பதுபோலப் பாடுவான். சினிமாப் பாட்டில் காதலுக்காக உருகி உருகிக் களைத்திருந்த எனக்கு அந்த விறைப்பு பெரிய ஆறுதலாக இருந்தது.

"புது அலையாம். அப்ப எங்கட கடலில வாறதெல்லாம் பழசோ?" என்று தவராசா கேட்டான். ஆனாலும் என்னைவிட அவன்தான் அதிகம் கேட்டான். இது முதல் இரண்டு கசட்டுகளின் காலம்.

நசீர் நானாவுக்கு ‘டின்’ மட்டும் விளங்கியது. ஆகவே அவர்கள் ‘தகரக்காரர்’.

"தம்பி, தகரக்காரர்ட மூண்டாவது வந்திரிக்கு," என்று தெருவில் என்னைக் கண்டால் சத்தம் போடுவார். புதுக் கசட்டின் பிளாஸ்டிக் மணமும் நானாவின் அத்தர் மணமும் சேர்ந்த ஒரு மணம் அந்தக் கடைக்கு. எந்தக் கடையில் புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்தாலும் இன்றைக்கும் எனக்கு அதில் பாதி வருகிறது. மற்றப் பாதிக்கு ஆள் வேண்டும்.

நாற்பது வருடத்துக்குப் பிறகு ஒரு முகம்

இந்த வருடம் மகள் கொழும்பிலிருந்து வந்தபோது என் போனில் பாட்டுக் கேட்கும் ஆப் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனாள். ஒரு முற்பகல் சும்மா டின் பெரிஸ்கோப் என்று தட்டினேன்.

நாலு இசைத்தட்டுகளும் வரிசையாக வந்து நின்றன.

உறைகளை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்தேன். என் மனதில் நாற்பது வருடமாக இருந்த பாடகன் மெலிந்த, தாடி வைத்த, கண் உள்ளே போன ஆள். படத்தில் நின்றவனுக்கு உருண்டை முகம். தலைமயிர் அன்னாசிப்பழத்தின் மேல்பக்கம் மாதிரி. தோளில் பெண்களுடைய சால்வை.

என் மனைவி ரஞ்சினி எட்டிப் பார்த்தாள். "இவரையோ இவ்வளவு காலமும் தலையில தூக்கி வச்சிருந்தனீங்கள்?"

"பாட்டைக் கேள்."

"கேட்டாப்போல தலைமயிர் படியுமோ?"

எனக்கு உள்ளே ஒரு பயம் இருந்தது. இருபது வயதில் கொண்டாடிய சில புத்தகங்களை அறுபதில் திரும்ப வாசித்துப் பார்த்து நான் வெட்கப்பட்டிருக்கிறேன். இதுவும் அப்படிப் போய்விடுமோ என்றுதான் விரலை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தேன்.

முதல் பாட்டுத் தொடங்கியது. சுருதி பிழை. நான் அறிந்த பாட்டைவிடக் கீழே, கொஞ்சம் மெதுவாக, பாடகனுக்குச் சளித் தடிமன் பிடித்தது மாதிரி. போன் பழுது என்று நினைத்தேன். ரஞ்சினியின் போனிலும் அப்படித்தான்.

ஆனால் இரண்டாவது பாட்டுக்குள் அதையெல்லாம் மறந்துவிட்டேன். நல்ல பாட்டுகள். அன்றைக்கு நாங்கள் ஏமாறவில்லை. கசட்டின் இரைச்சலில் மூடுண்டு கிடந்த ஒரு சிறு மணிச்சத்தம், ஒரு மூச்சு, ஒரு செருமல் எல்லாம் இப்போதுதான் கேட்டன. பட்டணத் தெருக்களில் திரியும் மான்களில் இரண்டு வளவுக்குள் வந்து செவ்வரத்தைச் செடியைத் தின்றுகொண்டு நின்றன. எழும்பி விரட்ட மனம் வரவில்லை. செவ்வரத்தை முழுவதும் போனது.

நாளுக்கு ஓர் இசைத்தட்டு என்று வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மூன்றாவது. எட்டு, ஒன்பது, பத்து. பத்தாவது பாட்டு முடிந்தது. அடுத்ததற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன்.

போன் பேசாமல் கிடந்தது.

பதினோராவது பாட்டு இல்லை. ‘வீ ஆர் ஈக்குவல்’ இல்லை. நாலாவது தட்டில் தேடினேன், இல்லை. தனிப்பாட்டுகளில் தேடினேன், இல்லை. அந்தக் குழுவின் ரசிகர்கள் கூடும் ஓர் இணையப் பக்கத்தில் எழுதிக் கேட்டேன். ஒருவர் மிக மரியாதையாகப் பதில் போட்டார்: அப்படி ஒரு பாட்டை அவர்கள் எங்கும் பாடியதில்லை, நீங்கள் வேறு எதையோ நினைக்கிறீர்கள்.

பாலமும் திமிங்கிலமும்

ஒரு பாட்டுக்காக ஒரு மனிதன் இப்படிப் பயப்படுவானா என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்கள்.

முதலாவது உங்களுக்கே தெரியும். சில கிழமைகளுக்கு முன் இதே பக்கத்தில், என் இளம் வயதில் கிண்ணியாவுக்கு ஒரு கலியாணத்துக்குப் பஸ்ஸில் பாலத்தால் போனதாக எழுதினேன். பாலத்தின் கைபிடியில் கடற்காகங்கள் இருந்ததாகவும் எழுதினேன். கிண்ணியா வாசகர் ஒருவர் ஒரே வரியில் கடிதம் போட்டார்: "ஐயா, அப்போது பாலம் இல்லை, பாதைதான்." அவர் சொன்னது சரி. எழுதும்போது நான் பொய் சொல்லவில்லை. காகங்களை நான் கண்ணால் கண்டது போலவே இருந்தது.

இரண்டாவது என் அண்ணா. அவர் இறந்து மூன்று வருடம். அவருக்கு மறதி தொடங்கியபோது அதை மறதி என்று நாங்கள் அடையாளம் காணவில்லை. ஏனென்றால் அவர் எதையும் மறக்கவில்லை. கூடுதலாக ஞாபகம் வைத்திருந்தார். நானும் அவரும் சைக்கிளில் புல்மோட்டைக்குப் போய்க் கரையொதுங்கிய திமிங்கிலம் பார்த்த கதையைச் சொல்லுவார். அதன் கண் ஒரு தட்டளவு என்பார். கருமணலில் அது கிடந்த பக்கத்தைச் சொல்லுவார். நாங்கள் அப்படி ஒருநாளும் போனதில்லை.

வைத்தியர் எனக்கு விளக்கினார். மூளை வெறும் இடத்தைச் சும்மா விடாது, எதையாவது போட்டு நிரப்பிவிடும், நிரப்பியது எது, உள்ளது எது என்று ஆளுக்குத் தெரியாது என்றார்.

அது தொடங்கியபோது அண்ணாவுக்கு அறுபத்தாறு வயது. எனக்கு இப்போது அறுபத்தாறு.

அந்தப் பாட்டு என் திமிங்கிலமாக இருந்தால்? அப்படியானால் இதுவரை இந்தத் தொடரில் எழுதிய எதை நீங்கள் நம்புவது, எதை நான் நம்புவது? ஆசிரியருக்குப் போன் எடுத்து, இந்தக் கிழமை என்னிடம் எழுத ஒன்றும் இல்லை என்றேன். சென்ற இதழில் இந்தப் பக்கம் வராமல் போனதற்குக் காரணம் அதுதான். சுகமில்லையா என்று விசாரித்த வாசகர்களுக்கு நன்றி. உடம்புக்குச் சுகம்தான்.

வா.பா.

என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. எந்தக் கசட்டை எப்போது வாங்கினேன், அதில் என்ன இருக்கிறது என்று எழுதிய கொப்பி. யுத்தத்தில் வந்த இரண்டு இடப்பெயர்வுகளில் கசட்டுகள் எல்லாம் போயின, கொப்பி போகவில்லை. பிறப்புப் பத்திரங்களோடும் காணி உறுதியோடும் அதையும் சேர்த்துப் பொலித்தீனில் சுற்றிக்கட்டியவள் ரஞ்சினி.

"நான் ஏதோ ஒபிஸ் கொப்பி, விட்டா வேலை போயிடும் எண்டல்லோ கட்டினனான். பாட்டுக் கொப்பி எண்டு தெரிஞ்சா ரெண்டு சாறி வச்சிருப்பன்," என்று இன்றைக்கும் சொல்லுவாள்.

அலுமாரிக்கு மேலிருந்து அதை இறக்கினேன். பக்கத்தின் இடது ஓரத்தில் திகதி எழுதுவது என் வழக்கம். கறையான் அந்த ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒழுங்காகத் தின்றிருந்தது. திகதிகள் போய்விட்டன, மற்றதெல்லாம் இருந்தது.

மூன்றாவது கசட்டின் பக்கத்தில், நானா அட்டையில் எழுதியதை அப்படியே பார்த்து எழுதியிருந்தேன். பத்துப் பாட்டுகளின் பெயர்கள். பத்துக்கும் கீழே ஒரு வரி: ‘வா.பா.’

அவ்வளவுதான். வா.பா.

அது ஒரு பாட்டின் பெயரா, குறிப்பா, என் கையெழுத்துத்தானா என்றே எனக்குத் தெரியவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் அந்தப் பாட்டின் வரிகள் என்று நான் காது கொடுத்துக் கேட்டு எழுதிய பன்னிரண்டு ஆங்கில வரிகள். பாதிக்கு மேல் கேள்விக்குறி. கீழே என் குறிப்பு: ‘சமத்துவம் பற்றிய ஆழ்ந்த பாடல். நடுவில் கப்பல் சங்கின் ஓசை. கீபோட்டில் இதை எழுப்பியிருப்பது அற்புதம்.’

வாசிப்பு வட்டத்தில் இந்தப் பாட்டைப் பற்றி நான் இருபது நிமிடம் பேசியிருக்கிறேன் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. அல்லது பேசியதாக நினைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் எனக்கு எதற்கும் இப்படி ஒரு ‘அல்லது’ வந்துகொண்டிருந்தது.

"உனக்கு அந்தப் பாட்டு ஞாபகம் இருக்கோ?" என்று ரஞ்சினியிடம் கேட்டேன்.

"நான் கலியாணம் முடிச்சு வரமுதலே பிளேயர் அந்தக் கசட்டைத் திண்டிட்டுது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். எனக்கெப்பிடித் தெரியும்? உங்களோட இருந்து கேட்டது தவமண்ணை. அவரைக் கேளுங்கோவன்."

அதுதான் என்னால் ஏலாது. தவராசா ஈச்சிலம்பற்றில்தான் இருக்கிறான், வயல் செய்கிறான். கலியாணத்திலும் செத்தவீட்டிலும் கண்டால் சுகம் விசாரிப்போம். அந்தப் பாட்டைப் பற்றி நாற்பது வருடமாக இருவரும் வாய் திறந்ததில்லை. இப்போது நான் கேட்டு, "எந்தப் பாட்டு மச்சான்?" என்று அவன் சொன்னால், அத்தோடு எல்லாம் முடிந்துவிடும். ஒரே ஒரு சாட்சியைக் கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை.

"அப்ப அந்தக் கடைக்காரர்?" என்றாள் ரஞ்சினி. "அவற்ற அட்டையைப் பாத்து எழுதினதெண்டா, என்ன எழுதினது எண்டு அவருக்குத்தானே தெரியும்."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவள் நான் வெளியில் போட்டுப் போகும் சேட்டை அலுமாரியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டாள்.

வெறும் டேப் விடப்படாது

பஸ் பாலத்தில் ஏறியபோது கைபிடியைப் பார்த்தேன். கடற்காகங்கள் இருந்தன. இவற்றைத்தான் பழைய கலியாணத்துக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறேன் என்று விளங்கியது.

நசீர் நானாவின் ரெக்கோடிங் பார் போய் எத்தனையோ காலம். பாலத்தடியிலேயே விசாரித்தேன். மகன்மார் நடத்தும் வலைக் கடையில் பகலில் இருப்பார் என்றார்கள். நைலோன் வலைச் சுருள்களுக்கும் செம்மஞ்சள் மிதவைகளுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். தாடி முழு வெள்ளை. அத்தர் மணம் அதே மணம். மற்றப் பாதி கிடைத்துவிட்டது என்று என் மூக்குச் சொல்லிற்று.

"நானா, என்னைத் தெரியுதோ?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தகரம்!" என்றார். "தகரக்காரர்ட தம்பி! வாங்க, இரிங்க. இன்னும் அந்தத் தகரத்தத்தான் கேக்கறீங்களா?"

கொப்பியை விரித்து அவர் மடியில் வைத்தேன். விரலை அந்த வரியில் வைத்தேன்.

"இது என்ன நானா? வா.பா. எண்டு நீங்கள் அட்டையில எழுதினதோ?"

குனிந்து வாசித்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. முதலில் பயந்துபோனேன். சிரிக்கிறார்.

"வால் பாட்டு," என்றார்.

"என்ன?"

"வால் பாட்டு தம்பி. அது எங்கட கடைப் பாஷை. உங்கட கசட்டில ஒரு பக்கம் அரை மணித்தியாலம் ஓடும். தட்டு இருவது, இருவத்திரண்டு நிமிசத்தில முடிஞ்சிரும். மிச்சம் வெறும் டேப். வெறுமையா விட்டா ஆக்கள் என்ன செய்வாங்க தெரியுமா? பிளேயர் பழுதெண்டு நெனச்சு ஸ்குருவைக் கழட்டுவாங்க. பொறகு கசட்டைத் தூக்கிக்கொண்டு என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. வெறும் டேப் விடப்படாது. அதால ஏதாவது ஒரு பாட்டப் போட்டு நெரப்பி உடுறது. அதான் வால்."

"மற்ற ரெண்டு கசட்டிலயும் இல்லையே?"

"அந்தத் தட்டுகள் நீளம். மூண்டாவதுட ரெண்டாம் பக்கந்தான் கட்டை."

நான் மெதுவாகக் கேட்டேன். "அப்ப அந்த வாலில என்ன பாட்டுப் போட்டனீங்கள்?"

நானா கடைக்குள்ளே பார்த்தார். மகன் ஒரு வாடிக்கையாளருக்கு வலை அளந்துகொண்டு நின்றார். நானா குரலைத் தாழ்த்தினார்.

"தமிழ்க் கசட்டெண்டா ஆடுற பைலாப் பாட்டொண்டப் போட்டுருவேன். இங்கிலீசுக் கசட்டு வாங்குற உங்களப் போல ஆக்களுக்குப் பைலா போட்டா ஏசுவீங்க. இங்கிலீசு மாதிரி ஒண்டு வேணும். ஒரு கப்பல்காரன் சின்னக் கீபோட் ஒண்டு தந்துட்டுப் போனான். மைக் இரிந்திச்சி. பிஸ்கட் தகரம் ஒண்டில தாளம். கடைக் கதவைப் பூட்டிப்போட்டு..."

"நீங்களோ பாடினது?"

"சத்தம் போடாதீங்க," என்றார். "இவங்களுக்குத் தெரியாது."

நான் குனிந்து காதை அவருக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

"இங்கிலீசு எனக்கு எங்க தெரியும்? சும்மா ‘வோ வோ’ எண்டு சத்தம்தான். அவனுகள்ட மாதிரி மூக்கால பாடினேன். ஒரு சொல்லுத்தான் உண்மைச் சொல்லு."

நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் சொன்னார்.

"வெருகல். மட்டக்களப்புக்குப் போகக்குள்ள வெருகல்ல பாதை பழுதாகி நாலு மணித்தியாலம் வெயில்ல நிண்டேன். அங்கதான் இந்த ராகம் வந்திச்சி."

‘சமத்துவம் பற்றிய ஆழ்ந்த பாடல்’ என்ற வரி அவர் மடியில் விரிந்து கிடந்தது. நல்ல வேளையாக அவர் அதை வாசிக்கவில்லை.

"உங்கட குரல் எனக்குத் தெரியாமல் போட்டுதே நானா?"

"எப்பிடித் தெரியும்? என்ட ரெக்கோட் பண்ற மெஷின் பெல்ட் இளகிப்போய் மெதுவா ஓடும். உங்கட பிளேயர்ல அது வேகமாக் கேக்கும். எல்லாரும் ஒரு மொழம் மேல நிண்டுதான் பாடியிரிப்பாங்க."

ஆகவே அந்தச் சுருதி விசயத்திலும் என் காது சரி.

"கப்பல் சங்கு?"

"அது உண்மைச் சங்கு! நான் பாடி முடியிற நேரம் பாத்துத் துறைமுகத்தில ஊதிட்டான் ஒருத்தன். திரும்பப் பாட நேரமில்ல. உட்டுட்டேன்."

பாட்டு அவரிடம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. கடையில் இருந்த எல்லாம் போன காலத்தில் அதுவும் போய்விட்டது. ஆறேழு கசட்டில் வாலாகப் போட்டாராம். கண்ணை மூடி, கதிரைக் கையில் விரலால் தட்டிக்கொண்டு பாடத் தொடங்கினார். மெல்லிய குரல், ஆனால் அதே ராகம். முதல் அடி வந்தது. இரண்டாவது அடி வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டார்.

"பொறகு என்ன? மறந்துட்டேன்."

நான் பாடினேன்.

கடைக்குள் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது அடி மேலே போய், ஒரு படி இறங்கி, வெருகல் என்ற சொல்லில் வந்து நிற்கும். அதைப் பாடினேன். நாலாவதையும் பாடினேன். நானா வாயைத் திறந்தபடி கேட்டார். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தினோம். சங்கு ஊதும் இடம் அது. "பூம்" என்று அவரும் நானும் சேர்ந்து ஊதினோம்.

வலை வாங்க வந்தவர், "வாப்பாக்கு என்ன?" என்று மகனிடம் கேட்டார்.

நானா அதைக் கவனிக்கவில்லை. "ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல தம்பி," என்றார். "நல்லா இல்லாட்டித் திருப்பிக் கொண்டு வந்திரிப்பாங்க. ஒருத்தரும் கொண்டு வரல்ல. அத வச்சி நானே சந்தோசப்பட்டுக்கிட்டேன். உங்களுக்கு எப்பிடி இரிந்திச்சி?"

"தகரக்காரற்ற பாட்டுகளுக்குள்ள அதுதான் நானா திறம்."

அவர் முகத்தைத் துடைப்பதுபோலத் தாடியைத் தடவிக்கொண்டார். "அந்தத் தகரக்காரனுகள்கிட்டச் சொல்லிராதீங்க," என்றார்.

சாட்சி

பாலத்தைத் திரும்ப நடந்தே கடந்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர் வெயிலில் பளபளத்தது. இந்தப் பாட்டு உண்மையாக இருந்தது. நான் அதைச் சரியாகக் கேட்டிருக்கிறேன், சரியாக வைத்திருக்கிறேன், பாடியவரே தொலைத்த அடிகளைக்கூட வைத்திருக்கிறேன். பாட்டைப் பிழையாக விளங்கியது வேறு விசயம். அதற்கு மறதி காரணமில்லை, தலைக்கனம்தான் காரணம். தலைக்கனத்துக்கு மருந்து இருக்கிறது. பாலத்தின் நடுவில் நின்று போனை எடுத்தேன்.

தவராசா எடுத்தான். பின்னால் அறுவடை மெஷின் இரைந்தது.

"மச்சான், நான்தான். ஒரு விசயம் சொல்லவேணும். அவன் வெருகல் எண்டுதான் பாடினவன்."

அவன் நடந்து தள்ளிப் போகிறான் போல, இரைச்சல் மெல்லக் குறைந்தது.

"இப்பத்தான் விளங்கினதோ?" என்றான்.

கைபிடியைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு ஞாபகம் இருக்கோ?"

"என்னை ஒரு வருசம் லண்டன் வெருகல் எண்டு கூப்பிட்டவங்கள். ஞாபகம் இல்லாமல் இருக்குமோ?"

"பிழை என்னில்தான் தவம்."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றான். குரலில் சிரிப்பு வந்துவிட்டது. "ஆரடா பாடினது, அதைச் சொல்லு."

சொன்னேன். நசீர் நானா என்றதும் அவன் போட்ட சத்தத்தில் மெஷின்காரன் இயந்திரத்தையே நிற்பாட்டிவிட்டான். "தகரத்துக்குத் தகரம் அடிச்சிருக்கிறார் மனுசன்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சிரித்து முடிய, "நீ திகதி எழுதுற ஆள்தானே," என்றான். "அந்தக் கொப்பி இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப எழுது. தவராசா சொன்னது சரி எண்டு, திகதி போட்டு எழுது. அடுத்த கிழமை அறுவடை முடிஞ்ச கையோட வாறன். வந்து பாப்பன்."

வீட்டுக்கு வந்து கொப்பியை மேசையில் விரித்தேன். இடது ஓரம் கறையானுடையது. ஆகவே வா.பா. என்ற வரிக்கு நேரே, வலது ஓரத்தில் எழுதினேன்: ‘வால் பாட்டு. பாடியவர் நசீர் நானா. தவராசா சொன்னது சரி.’ கீழே திகதி போட்டேன்.

ரஞ்சினி குசினியிலிருந்து வந்து தோளுக்கு மேலால் பார்த்தாள்.

"திகதி பிழை. இது நேற்றையது," என்றாள்.

பார்த்தேன். நேற்றையதுதான்.

வெட்டிவிட்டு இன்றையதை எழுதினேன். எனக்குச் சிரிப்பு வந்தது.